ஏழு வார்த்தைக்கு ஒரு கால்

குவிரினுக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் குவாரியில் கருங்கல் பிளந்துவிட்டு, ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் போடாமல் நேராகக் கோயில் மாடத்துக்கு ஏறி வந்து, ஆர்கனுக்குப் பின்னால் துருத்தி மிதித்துக்கொண்டிருந்தான். இரண்டு மரக்கட்டைகள். வலது காலை ஒன்றின்மேல் வைத்து உடம்பின் கனம் முழுவதையும் போட்டால் அது இறங்கும், துருத்தி காற்றை இழுக்கும். பிறகு இடது காலும் அடுத்த கட்டையும். சதை கல்லாக இறுகி முழங்காலுக்கு ஏறியதும் அவன் கட்டையைவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டான். ஆர்கன் மாடு படுப்பதுபோல ஒரு முனகல் முனகி நின்றது.

"மறுபடியுமா?" என்று முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான் லியோன்ஹார்ட்.

"அதே எடம் வாத்தியாரே. விசுவாசப் பிரமாணப் பாட்டுல கடைசிப் பக்கம். நேத்தும் அங்கதான் புடிச்சுது."

லியோன்ஹார்டுக்கு இருபது வயது. கால்ட்டன்பாக் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, மத்தியானம் பெரிய வாத்தியாரின் வயலில் சாணி பரப்புவது, ராத்திரி வேலைக்காரியோடு அடுப்படியில் சாப்பாடு. அவன் பெரிய இசைக்காரன் என்று வியன்னாவுக்கு இன்னும் தெரியாது. சாணி பரப்புவதில் சுமார் என்று கால்ட்டன்பாக்குக்குத் தெரியும். மேகம் கறுத்தால் அழுவான். விலகினால் அதற்கும் அழுவான். முதல் தடவையாக ஒரு முழுப் பூசைக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தான். எழுதியதை அன்றாடம் வாசித்துப் பார்க்க அவனுக்குக் காற்று வேண்டியிருந்தது.

குவிரினுக்கு வேண்டியிருந்தது பூசை. போன அக்டோபரில், உருளைக்கிழங்கு தோண்டும் வாரத்தில், அவன் பெண்டாட்டி கிரெசென்ஸ் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனாள். சென்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாவதற்கு முந்தின நாள், "செத்தவங்களுக்கு வைக்கற கறுப்பு உடுப்புப் பூசை எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். "அந்த அழுமூஞ்சிப் பாட்டு எனக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமைப் பூசை வை. பாட்டோட வை. நீ மிதி."

ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார் அம்ப்ரோஸ் நல்ல மனுஷன்தான். ஆனால் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. நிலம் உள்ளவர்கள் செத்தால் பாட்டுப் பூசை. கல் உடைக்கிறவர்கள் செத்தால் பாட்டில்லாத அவசரப் பூசை, பாடகர்கள் எழுந்து கஞ்சி குடிக்கும் முன்பே முடிந்துவிடும். குவிரின் போய்க் கேட்டபோது சாமியார் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற லியோன்ஹார்ட் அழுதுவிட்டு, "நான் எழுதற பூசை யாருக்கும் சொந்தமில்ல சாமி. இவரு எனக்குக் குளிர் முழுக்க மிதிச்சுக் குடுக்கட்டும். முதல் தடவை பாடறது இவரு பொண்டாட்டிக்கு" என்றான்.

"சரி" என்றார் சாமியார். "சென்ஸியோட வருஷ நாள் அடுத்த வருஷம் ஞாயித்துக்கிழமைதான் வருது. அன்னிக்கு அந்தப் பூசையை அவளுக்காகத்தான் ஒப்புக்கொடுப்பேன், அவ கருத்துக்கு. நான் சொல்றேன்."

அதிலிருந்து குவிரின் மிதித்தான். ராத்திரி படுத்த பிறகும் வலது கால் தானாக மிதித்தது. பல வருஷமாக உள்ள பழக்கம் அது. முன்பெல்லாம் சென்ஸி தூக்கத்திலேயே கையை நீட்டி முழங்காலில் வைப்பாள், கால் நின்றுவிடும். இப்போது விடியும்வரை போர்வைக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

"எதையாவது கொறைங்க வாத்தியாரே" என்றான் குவிரின், கெண்டையைப் பிசைந்துகொண்டு. "நாலு மிதி கொறைஞ்சாலும் போதும்."

"அந்த எடத்துல பாடற ரொட்டிக்கடைப் பொண்ணுக்கும் மூச்சு முட்டுது" என்று லியோன்ஹார்ட் ஒப்புக்கொண்டான். பேனாவை எடுத்து நாலு கட்ட இசையைக் கோடு போட்டு அடித்தான். முன்னதையும் பின்னதையும் இணைத்து வாசித்துப் பார்த்தான். நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில், அடித்த இசைக்கு அடியில் வார்த்தைகள் இருந்தன என்பதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஒருவனுக்கு லத்தீன் தெரியாது. இன்னொருவன் அழுதுகொண்டிருந்தான்.

புதுப் பூசைப் பாட்டு எதுவானாலும் மறைமாவட்ட இசைப் பரிசோதனைக் குழுவின் முத்திரை வாங்கித்தான் பாட வேண்டும். ஈஸ்டருக்கு முன்னால் அனுப்பினார்கள். ஜூன் மாதம் முத்திரைக்குப் பதிலாகக் குழுவே வண்டியில் வந்து இறங்கியது. மூன்று பேர். தலைவர் டாக்டர் ஷ்ராட், வயிற்றுக்குமேல் சிலுவை தொங்கும் பெரிய சாமியார். இரண்டாவது ஆள் எழுத்தர். மூன்றாவது ஆளின் வேலை என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவர் குடை வைத்திருந்தார்.

பங்கு வீட்டில் பன்றிக்கறியும் மாவுருண்டையும் தின்று முடித்த பிறகு விசாரணை. துருத்தி தேவைப்படலாம் என்று குவிரினையும் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள்.

"நாங்க இசைக்கு விரோதி இல்ல" என்று தொடங்கினார் டாக்டர் ஷ்ராட். "எனக்கு இசையே தெரியாது. அதனாலதான் பாரபட்சம் இல்லாம தீர்ப்புச் சொல்வேன்னு என்னைத் தலைவராப் போட்டிருக்காங்க. விஷயம் சின்னது. ஏழு வார்த்தையைக் காணோம். 'ஏக, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்கத் திருச்சபையையும்.' லத்தீன்ல எண்ணினா ஏழு. இந்தப் பாட்டுல பாவமன்னிப்பு இருக்கு, உயிர்ப்பு இருக்கு, நித்திய ஜீவியம் இருக்கு. அதுக்கெல்லாம் முன்னால திருச்சபை இருந்த எடத்துல ஒண்ணுமில்ல. எங்க ஆபீசு இல்லாமலே மோட்சத்துக்குப் போயிடலாம்னு ஒரு பாதை போட்டிருக்கார் இந்தத் தம்பி."

அம்ப்ரோஸ் சாமியார் மெல்ல எழுந்தார். "பெரியசாமி மன்னிக்கணும். பாடகருங்க எதை விட்டாலும், பீடத்துல நின்னு நான் முழுசையும் சொல்லிடறேன். விதிப்படி அதுதான் கணக்கு."

"சத்தமாவா?"

"மெதுவாத்தான் சொல்லணும்."

"யாராவது கேட்டாங்களா?"

"ஆண்டவர் கேட்டிருப்பாரு."

டாக்டர் ஷ்ராட் எழுத்தர் பக்கம் திரும்பினார். "வரவழைக்க முடியாத சாட்சின்னு எழுதிக்குங்க."

பிறகு லியோன்ஹார்டின் முறை. அவன் எழுந்து நின்று, அந்த இடத்தில் இசை தானாகவே அடுத்த கரைக்குத் தாவியது என்றும், தன் இதயம் அதைத் தடுக்கவில்லை என்றும் சொன்னான். எழுத்தர் 'இதயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். குடைக்காரர் தலையசைத்தார்.

"இதயம் தடுக்கலியா? அப்ப பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர் ஷ்ராட். "பாட்டையும் எரிச்சுடலாம்."

கதவோரம் நின்ற குவிரினுக்கு முதல் பேச்சு எதுவும் புரியவில்லை. எரிப்பது புரிந்தது. குளிர்காலம் முழுக்க மிதித்தது அந்தக் காகிதத்துக்காக.

"வாத்தியார் மேல தப்பில்ல சாமி" என்றான். "அது என் காலு."

எல்லோரும் அவன் காலைப் பார்த்தார்கள்.

"எந்தக் கால்?" என்று கேட்டார் எழுத்தர்.

"வலது. அந்த எடம் வந்தா புடிச்சுக்கும். நான்தான் கொறைக்கச் சொன்னேன்."

"அந்த எடம்னா?"

"நீங்க இப்பச் சொன்னீங்களே. அதேதான்."

டாக்டர் ஷ்ராட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இதுவரை சாப்பாட்டு மயக்கத்தில் இருந்த முகம் தெளிந்துவிட்டது. "திருச்சபைங்கற வார்த்தை வந்தா உன் கால் நின்னுடுது. அப்படித்தானே? உங்கப்பன் எந்த ஊரு?"

"கோசாவ் பள்ளத்தாக்கு."

அறையில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். கோசாவ்காரர்கள் மூன்று தலைமுறை வெளியே செபமாலை உருட்டி, மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்து, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த லூத்தரின் வேதம் படித்தவர்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"உங்கம்மா?"

"இதே ஊரு சாமி."

"வலது கால் யாரு ஜாடை?"

குவிரின் நேர்மையாக யோசித்தான். "அப்பா ஜாடைன்னுதான் சொல்வாங்க. அவரும் வலப்பக்கம் சாய்ஞ்சு நடப்பாரு."

"இடது?"

"அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

அன்றைக்கே சோதனை. ஊருக்குச் சவரமும் ரத்தம் வாங்குவதும் பன்றிக்குக் காயடிப்பதும் செய்கிற வைத்தியர் ஹாக்லை வரவழைத்தார்கள். எல்லோரும் மாடத்துக்கு ஏறினார்கள். குவிரின் மிதிக்க, டாக்டர் ஷ்ராட் பக்கத்தில் நின்று விசுவாசப் பிரமாணத்தை அதன் கௌரவத்துக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சர்வேசுரனிடம் கால் ஒழுங்காக இருந்தது. சுதனிடம் கொஞ்சம் வேர்த்தது. சிலுவையில் அறையுண்டபோது மூச்சு வாங்கியது. திருச்சபை வந்ததும் கெண்டை இறுகிக் குவிரின் கீழே உட்கார்ந்தான்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். மறுபடி திருச்சபையில் உட்கார்ந்தான். மூன்றாம் தடவை இன்னும் பக்தியோடு, இன்னும் மெதுவாக வாசித்தார்கள். அப்போதும் அதேதான்.

"அது கடைசில வர்றதால இருக்கலாம்" என்றான் லியோன்ஹார்ட். "அதுக்குள்ள கால் களைச்சுப்போகுது."

"திருச்சபை வர்ற வரைக்கும் களைக்காத கால்" என்றார் டாக்டர் ஷ்ராட். "எழுதிக்குங்க."

ஹாக்ல் கெண்டையைக் கிள்ளினார், முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார். "வெளிய மதக் கோளாறு எதுவும் தெரியல. உள்ள இருந்தா எனக்குச் சொல்லத் தெரியாது. அட்டை விடலாம்." குடைக்காரர் குடை நுனியால் சதையில் ஒரு குத்துக் குத்தினார். கால் உதறியது. எழுத்தர் அதையும் எழுதினார்.

ராத்திரி குவிரினின் கால் வழக்கத்தைவிட அதிகமாக மிதித்தது. அவன் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தான். நாற்பத்தைந்து வருஷமாக இந்தக் காலோடு இருக்கிறான். இதற்கென்று தனியாக ஒரு வேதம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அம்ப்ரோஸ் சாமியார் கோயில் வாசலில் நின்று படித்தார். நடுவில் தண்ணீர் குடித்தார். பாட்டை எரிக்க வேண்டியதில்லை, ஏழு வார்த்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கால்ட்டன்பாக்கில் துருத்தி மிதிக்க வேறு எவனும் சம்மதிக்காததால் குவிரினே மிதிக்கலாம். ஆனால் அந்த ஏழு வார்த்தைக்கு அவனுடைய வலது கால் கட்டையைவிட்டு இறங்கிவிட வேண்டும். வலது கால் மட்டும் இறங்குவது நடைமுறையில் கடினம் என்பதைக் குழு உணர்ந்திருப்பதால், குவிரின் முழுவதுமாக இறங்கிவிட வேண்டும். அந்த வார்த்தைகள் முடியும்வரை அவன் பூசையில் வேலை செய்கிறவனாகக் கருதப்பட மாட்டான். அதை மிதிக்க, தாய்வழியும் தந்தைவழியும் இரண்டு காலும் கத்தோலிக்கமான ஆள் ஒருவர் நியமிக்கப்படுவார். பதவியின் பெயர் திருச்சபைப் பகுதித் துருத்தியாளர். பித்தளைப் பொத்தான் வைத்த சாம்பல் கோட்டு உண்டு. அவரைக் கூப்பிடத் தனி மணி உண்டு.

கோயில் கதவைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளை பார்ட்டலின் மைத்துனன் ஃபெர்டலுக்கு அந்தப் பதவி போயிற்று. பார்ட்டலின் பெண்டாட்டி டாக்டர் ஷ்ராடுக்கு மாவுருண்டை பரிமாறியவள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பிலேயே ஒரு வரி இருந்தது.

கடைசியாக ஒன்று. வெள்ளிதோறும் சாயந்திரம் குவிரினின் வலது காலுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடது காலுக்கு விலக்கு.

சாமியார் அதைத் தட்டவில்லை. தட்டினால் அவர் பெயர் எழுதப்படும். வெள்ளிக்கிழமைகளில் குவிரின் பங்கு வீட்டுக்குப் போய், பூட்ஸைக் கழற்றி, முக்காலியில் வலது காலை நீட்டி வைப்பான். சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலைப் பார்த்துப் படிப்பார்.

"திருச்சபைன்னா என்ன?" என்று கேட்பார்.

கால் ஆடும்.

"ஆட்டாத குவிரின்."

"நான் ஆட்டல சாமி. அதுவா ஆடுது."

"அதான் சொல்றேன், கேக்கும்போது ஆட வேணாம்னு சொல்லு அதுகிட்ட."

"எத்தினி வெள்ளி சாமி?"

"எனக்கும் தெரியல. அவங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும்." சாமியார் புத்தகத்தை மூடிவைத்தார். "உனக்குப் பேரிக்காய் மது வேணுமா? அதுக்கு விலக்கு இல்ல."

குவிரின் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். அக்டோபர் வந்தால் போதும். வேலைத்தலத்தில் சக ஆட்கள், "வலது கால் நற்கருணை வாங்கிருச்சாடா?" என்று கேட்டார்கள். "இடது கால் ஒண்ணும் பொறாமைப்படலியே?" என்றார்கள். கல்லில் உளி வைத்துக்கொண்டே, "பேசுங்கடா" என்பான். வேலை பாதியில் எழுந்து நடப்பான், திரும்ப வந்து உட்கார்வான், மறுபடி எழுவான்.

வருஷ நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாமியார் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை டாக்டர் ஷ்ராட் வர்றாரு" என்றார். "குழு முழுசா வருது. அவங்க திருத்தின பூசை இல்லியா. அதனால அது குழுவோட நல்லபடியான நடத்தைக்காக ஒப்புக்கொடுக்கணும்னு எழுதியிருக்காங்க."

குவிரின் நிமிர்ந்து பார்த்தான். "அது சென்ஸி பூசை."

"ஆமாம்."

"நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். ஒரு பூசைக்கு ஒரு கருத்துதான் குவிரின். நான் அவங்ககிட்டக் கேட்டுப் பாத்தேன். செத்தவங்களுக்குக் கறுப்பு உடுப்புப் பூசைதான் முறை, அதுல விசுவாசப் பிரமாணமே கெடையாது, அதனால இந்தப் பூசை ஆரம்பத்துல இருந்தே செத்தவங்களுக்கு இல்லன்னு பதில் வந்துருக்கு."

"அவளுக்கு அந்தப் பூசை ஆகாது சாமி."

"தெரியும். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தானே செத்தா."

முக்காலியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சாமியார் அதைக் கண்டிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்தது. குழு முன்வரிசையில் உட்கார்ந்தது. மழை இல்லை, குடை இருந்தது. குவிரின் கட்டைமேல் ஏறினான். ஃபெர்டல் சாம்பல் கோட்டோடு பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். மச்சான் வீட்டில் காலையிலேயே தொத்திறைச்சியும் பேரிக்காய் மதுவும் கொடுத்திருந்தார்கள்.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டான் ஃபெர்டல்.

"உன் மணி அடிக்கும்."

"அடிச்சா எழுப்பு."

குவிரின் வலது காலைக் கட்டையில் வைத்தான். முதல் பாட்டுக்கு மிதித்தான். மகிமைப் பாட்டுக்கு மிதித்தான்; சென்ஸிக்குப் பிடித்த பாட்டு அது, பால் கறக்கும்போது சுருதி இல்லாமல் கத்துவாள், மாடு பழகிவிட்டது. இப்போது அது கீழே குழுவின் நல்ல நடத்தைக்காகப் போய்க்கொண்டிருந்தது. அவன் மிதித்த காற்றுதான். விசுவாசப் பிரமாணம் ஆரம்பித்தது. சர்வேசுரன், சுதன், சிலுவை, உயிர்ப்பு. கெண்டை இறுகத் தொடங்கியது.

மணி அடித்தது. தீர்ப்பில் சொன்னபடி குவிரின் இறங்கினான்.

ஃபெர்டல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பித்தளைப் பொத்தான்கள் மெல்ல ஏறி இறங்கின. துருத்தியில் மிச்சக் காற்று கரைந்துகொண்டிருந்தது. ஆர்கன் சுருதி இறங்கத் தொடங்கியது. மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை அவசரமாக. லியோன்ஹார்ட் அந்தப் பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு அழுதிருப்பான்.

குவிரின் தரையில் நின்றான். தீர்ப்புப்படி இப்போது அவன் பூசையில் இல்லை. இந்த ஏழு வார்த்தை முடியும்வரை அவன் யாருக்கும் ஆளில்லை. அவன் மிதித்தால் அந்த மிதி குழுவின் கணக்கில் வராது.

"சென்ஸிக்கு" என்று மெதுவாகச் சொன்னான். பீடத்தில் சாமியார் சொல்கிற அளவுக்கு மெதுவாக. கட்டையில் ஏறினான். வலது காலை முதலில் வைத்தான்.

கால் பிடிக்கவில்லை. காற்று ஏறியது, ஆர்கன் எழுந்தது, ரொட்டிக்கடைப் பெண் மூச்சு முட்டாமல் பாடினாள். ஏழு வார்த்தையும் முழுசாகப் போயின. அந்த வார்த்தைகள் முடிந்ததென்று மறுபடி மணி அடித்தபோது அவன் பூசைக்குத் திரும்பி, மிச்சத்தைக் குழுவுக்காக மிதித்து முடித்தான்.

பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் டாக்டர் ஷ்ராட் பேசினார். "கேட்டீங்களா? அந்த எடத்துல காத்தே வேற. எனக்கு இசை தெரியாது, ஆனா எனக்கே தெரிஞ்சுது. அதுவரைக்கும் வந்தது வெறும் காத்து. அங்க வந்தது கத்தோலிக்கக் காத்து. கலப்படமில்லாத கால் என்ன செய்யும்னு நாங்க இன்னிக்கு நிரூபிச்சுட்டோம். எல்லாப் பங்குக்கும் இப்படி ஒரு ஆளைப் போடச் சொல்லி எழுதப்போறேன்." ஃபெர்டலைக் கூட்டி வந்து தோளைத் தட்டினார். ஃபெர்டல் கன்னத்தில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. குடைக்காரர் முதல் தடவையாக வாய் திறந்து, "நல்லா இருந்துச்சு" என்றார்.

பாட்டுக் காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்களுடைய அலமாரியில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. லியோன்ஹார்டை இரண்டு மலை தாண்டி வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே சாணி கொஞ்சம் குறைவு என்றார்கள். போகும் நாளில் குவிரினைக் கட்டிக்கொண்டு, "நான் வேற எழுதித் தரேன்" என்று அழுதான். பின்னால் வியன்னாவில் பெரிய பெயர் எடுத்தான். நிறைய எழுதினான், எல்லாமே நீளம். கால்ட்டன்பாக்குக்கு ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஞானோபதேசத்தை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அதனால் அது நடந்துகொண்டிருக்கிறது. குவிரின் பூட்ஸைக் கழற்றி முக்காலியில் காலை வைப்பான். சாமியார் கண்ணாடியைத் துடைப்பார்.

"சாமி, சென்ஸி கணக்கு?" என்பான்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் குவிரின்."

"ஏழு வார்த்தை நான் குடுத்துட்டேன்."

சாமியாருக்கு அது என்ன என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்டதும் இல்லை. கால் ஆடிக்கொண்டிருக்கும். குவிரின் அதைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வெள்ளியும் சொல்வதையே சொல்வான்:

"அதைக் கழிச்சுக்குங்க. மிச்சம் ஒரு முழுப் பாட்டுப் பூசை, கிரெசென்ஸ் பேருல, இந்தப் பங்குக் கோயில் பாக்கி."